ஓட்டைக் காலணா: பெட்டியில் கிடக்கும் காசும் அதன் மதிப்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை தொழிற்சாலை வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், வாணியம்பாடி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டி வந்திருக்கும். அந்தப் பெட்டியின் அடியில், வெற்றிலைப் பெட்டிக்குள்ளோ தையல் டப்பாவுக்குள்ளோ, நடுவில் ஓட்டை போட்ட செம்பு நிறக் காசு ஒன்றிரண்டு கிடக்கும்.

இந்தக் காசைக் காட்டி நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "இது லட்சக்கணக்கில் விலை போகுமாமே, உண்மையா ஹஜ்ரத்?" என்பது ஒன்று. "பிள்ளைக்குத் திருஷ்டி படாமல் இருக்க இடுப்பில் கட்டலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்வோம். அதற்கு முன், கையில் இருப்பது என்ன காசு என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் பெரியவர்கள் 'ஓட்டைக் காலணா' என்று சொல்வது 1943 முதல் 1947 வரை ஆங்கிலேய இந்திய அரசு வெளியிட்ட ஒரு பைசா நாணயம். இதை இன்றைய பைசாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. ஆக ஒரு ரூபாய்க்கு 64 பைசா. ஒரு பைசாவே காலணா. அதற்கும் கீழே, மூன்று சேர்ந்தால் ஒரு பைசா ஆகும் 'பை' என்ற காசும் இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசமக் கணக்கு வந்தபோது இந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது.

ஓட்டை ஏன் வந்தது? போர்தான் காரணம். இரண்டாம் உலகப் போரில் தோட்டா, பீரங்கிக் குண்டு, மின்கம்பி என எல்லாவற்றுக்கும் செம்பு தேவைப்பட்டது. அதற்கு முன்பு புழங்கிய காலணா ஏறத்தாழ 4.8 கிராம் எடையுள்ள வெண்கலக் காசு. ஓட்டை போட்டு, விட்டத்தையும் குறைத்து வெளியிட்ட புதிய பைசாவின் எடை ஏறத்தாழ 2 கிராம். ஒரு காசுக்கு ஆன உலோகத்தில் இரண்டு காசு அடிக்கலாம். தேவை அவ்வளவு இருந்ததால் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகள் போதாமல் லாகூரிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும்கூட அடித்தார்கள். ஆவடியில் ராணுவக் கிடங்குகள் எழுந்த அதே ஆண்டுகள் இவை. அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், கடைத்தெருவில் புழங்கிய சில்லறை இது. இந்த நாணயம் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து நடுவில் ஏன் ஓட்டை என்று விளக்கினால், பஞ்சமும் போரும் பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

வழக்கமாக மன்னர் தலை இருக்கும் இடத்தை ஓட்டை எடுத்துக்கொண்டதால், இதில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் இல்லை. அவருக்குப் பதில் ஒரு கிரீடம் மட்டும் உண்டு. ஓட்டையைச் சுற்றி இலை வளையமும், ஆங்கிலம், இந்தி, உருது எழுத்துகளும் இருக்கும். கிரீடத்தின் வடிவத்திலும் ஆண்டு எண்ணின் அளவிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது இவற்றைத்தான். ஓட்டை அகலமாக இருந்ததால் ஆணிக்கும் போல்ட்டுக்கும் வாஷராக மாட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'ஓட்டைக் காலணாகூட கையில் இல்லை' என்ற பேச்சு மட்டும் இன்னும் செலவாணியாகிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் இருப்பது எல்லாம் இந்திய பைசாவாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உருது எழுத்தும் ஹிஜ்ரி ஆண்டும் உள்ள ஓட்டைக் காசு கிடைத்தால், அது ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் காலத்து 2 பை நாணயமாக இருக்கலாம். அதிலுள்ள 1362 என்ற எண்ணைப் பார்த்து அறுநூறு ஆண்டுப் பழமை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஹிஜ்ரி 1362 என்பது கி.பி. 1943. பாகிஸ்தானும் 1948-இல் தன் முதல் நாணயங்களை வெளியிட்டபோது பைசாவை ஓட்டையோடுதான் அடித்தது.

கடல் கடந்து போன குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் சுவையானவை கிடைக்கும். பிரெஞ்சு இந்தோசீனாவின் 1 சென்ட் 1896 முதல் ஓட்டையோடு வந்தது. நாகூர், காரைக்கால் பக்கத்திலிருந்து சைகோனுக்குப் போய் வியாபாரம் செய்தவர்கள் பலர். 1935-இல் அந்த நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. அங்கே போய் வந்த பாட்டனாரின் பையில் அந்தச் செம்புக் காசு வந்திருந்தால் வியப்பில்லை. கென்யா, உகாண்டா, தங்கனிக்கா நாடுகளில் புழங்கிய கிழக்கு ஆப்பிரிக்காவின் 1, 5, 10 சென்ட் காசுகளும், ஃபிஜித் தீவின் பென்னி, அரைப்பென்னிகளும் ஓட்டைக் காசுகளே. மேற்கு ஆப்பிரிக்கக் காசில் ஓட்டையைச் சுற்றி ஆறு முனை நட்சத்திரம் இருக்கும். இதைப் பார்த்ததும் யூத நாணயம் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. அது நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா நாடுகளுக்காக அடிக்கப்பட்டது. அதே நட்சத்திரம் மொராக்கோ சுல்தான்களின் பழைய செப்புக் காசுகளிலும் உண்டு.

அரபு எழுத்து உள்ள ஓட்டைக் காசுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். துனீசியா, மொராக்கோ, லெபனான் ஆகியவற்றுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தவை அவற்றில் இருக்கலாம். எல்லாவற்றையும்விட நம் மனத்தை நிறுத்துவது ஃபலஸ்தீன் நாணயம். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த ஃபலஸ்தீனுக்கு 1927-இல் தனி நாணயம் வந்தது. ஆயிரம் மில் ஒரு பவுண்டு. அவற்றில் 5, 10, 20 மில் நாணயங்கள் நடுவில் ஓட்டை உள்ளவை. அரபு, ஆங்கிலம், ஹீப்ரு ஆகிய மூன்று எழுத்திலும் நாட்டின் பெயர் பொறித்திருக்கும். போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, நிக்கல் கலந்த வெள்ளை நிற உலோகத்துக்குப் பதில் இவற்றையும் வெண்கலத்தில் அடித்தார்கள். ஃபலஸ்தீன் என்றொரு நாடே இருந்ததில்லை என்று வாட்ஸ்அப்பில் வாதம் செய்பவர்களிடம் நாம் நீண்ட விளக்கம் சொல்வதில்லை. அந்தக் காசின் படத்தைக் காட்டுவதோடு சரி.

ஓட்டைக் காசின் வரலாறு இதைவிடப் பழையது. சீனர்கள் சதுர ஓட்டை உள்ள செப்புக் காசை வார்த்து, கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாக எண்ணினார்கள். அந்தக் காசுகள் நம் தஞ்சைப் பகுதியில் தாலிக்கோட்டை, ஓலயக்குன்னம் போன்ற இடங்களில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்துக் கடல் வாணிபத்துக்கு அவை சாட்சி. சுமத்ராவின் பலெம்பாங் சுல்தான்கள் சீன வழக்கத்தைப் பின்பற்றி, அரபு எழுத்துப் பொறித்த ஈயக்காசுகளை ஓட்டையோடு வெளியிட்டார்கள். நம் மரக்காயர்களின் கப்பல்கள் போய் வந்த கடல்தான் அது.

சீனக் காசில் ஓர் எச்சரிக்கை. பரிசுப்பொருள் கடைகளில் சிவப்புக் கயிற்றில் மூன்று காசு கோத்து, பணம் வரும் என்று சொல்லி விற்கிறார்களே, அவை அண்மையில் வார்த்த போலிகள். நாணயமாகவும் மதிப்பில்லை, பணம் வரும் என்ற நம்பிக்கைக்கும் நம் மார்க்கத்தில் இடமில்லை.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓட்டை இருப்பதால் கயிற்றில் கோப்பது எளிது. எனவே ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் இருந்திருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது ஒன்பது பேரிடம் பைஅத் வாங்கிவிட்டு ஒருவரிடம் மட்டும் வாங்காமல் நிறுத்தினார்கள். அவர் உடலில் தாயத்து இருந்ததே காரணம். அது அறுக்கப்பட்ட பிறகே அவரிடம் பைஅத் பெற்றார்கள். உக்பா பின் ஆமிர் (ரலி) வழியாக முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது. குர்ஆன் வசனம் எழுதிய தாயத்து பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிரிட்டிஷ் கிரீடம் பொறித்த வெறும் செம்புக் காசு அந்த விவாதத்துக்குள்ளேயே வராது. நாம் சொல்வது இதுதான்: குழந்தையின் இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சட்டத்தில் மாட்டுங்கள். கயிறு அறுந்தால் குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கும் ஆபத்தும் அதோடு நீங்கும்.

ஜகாத் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. செம்பு, வெண்கலம், நிக்கல் காசுகளை விருப்பத்துக்காக வைத்திருந்தால் ஜகாத் இல்லை. விற்பதற்காக வாங்கிச் சேர்த்தால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைவில் சந்தை விலைக்கு இரண்டரை விழுக்காடு கணக்கிட வேண்டும். வெள்ளியும் தங்கமும் வேறு. பழைய வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. வெள்ளியின் நிஸாப் ஐம்பத்திரண்டரை தோலா என்று நம் பெரியவர்கள் சொல்லும் கணக்கை அந்த ரூபாயை வைத்தே மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பாட்டியின் வெள்ளி ரூபாய் மாலை ஹனஃபி மத்ஹபில் கணக்கில் சேரும்.

ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால ஃபிக்ஹு நூல்கள் இதில் ஒரு நுட்பம் பேசுகின்றன. தீனாரையோ திர்ஹமையோ துளையிட்டு மாலையாகக் கோத்தால் ஜகாத் உண்டு. கண்ணி வைத்து இணைத்துக் கோத்தால் அது நாணயம் என்ற நிலையிலிருந்து நகை என்ற நிலைக்கு மாறிவிட்டது என்று பிரித்துச் சொல்கின்றன. காசில் விழுந்த ஓட்டையை ஒரு சட்டப் பிரச்சினையாக எடுத்து அலசிய அந்த இமாம்களின் கூர்மையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உங்கள் வீட்டு மாலை எந்த வகை என்பதை உங்கள் மஹல்லா இமாமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் கோப்பதற்காகப் பிற்காலத்தில் துளைத்த காசும், அக்கசாலையிலேயே ஓட்டையோடு பிறந்த காசும் சேகரிப்பவர் கண்ணில் வேறு வேறு. முன்னதின் விலை ஓட்டையால் இறங்கும். பின்னதில் ஓட்டை சரியாக நடுவில், விளிம்பு வழவழப்பாக இருக்கும். ஓட்டை விலகியோ, ஓட்டையே விழாமலோ வெளிவந்த தவறான அச்சுக் காசுகளுக்குத்தான் கூடுதல் விலை. அவற்றிலும் போலிகள் உண்டு.

இனி முதல் கேள்வி. லட்சம் போகுமா? போகாது. கோடிக்கணக்கில் அடித்த காசு இது. சாதாரண நிலையில் உள்ள ஒன்றை நாணயக் கடையில் நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். லட்சம் தருகிறேன் என்று முகநூலிலும் யூடியூபிலும் வருகிற விளம்பரங்கள் எப்படி முடியும் என்றால், முதலில் காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். உடனே பெருந்தொகை பேசுவார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக நம்மிடமிருந்து பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கடிதமே அனுப்புவார்கள். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, அப்படிக் கேட்க யாருக்கும் அதிகாரமும் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. வாங்குகிறவன் நமக்குப் பணம் தர வேண்டுமே தவிர நாம் அவனுக்குத் தர வேண்டிய அவசியம் என்ன? இந்த ஒரு கேள்வியை வீட்டில் உள்ள பெண்களுக்கும் ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மகள் திருமணச் செலவுக்கு வழி பிறந்துவிட்டது என்ற ஆசையில்தான் பலரும் முதல் தவணையைக் கட்டுகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

விற்பதற்கில்லை என்றான பிறகு, அழகாக வைப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாலீஷ் எதுவும் வேண்டாம். செம்புக் குடத்துக்கு நல்லது காசுக்குக் கெடுதல். பல ஆண்டுகளாகப் படிந்த பழுப்பு நிறம்தான் காசுக்குப் பாதுகாப்பு. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் ஊற வைத்து, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்தினால் போதும். வியர்வைக் கையால் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பசை படியும், அவற்றைத் தவிருங்கள்.

காட்சிக்கு வைப்பதில் ஓட்டைக் காசுக்கு மற்றக் காசுகளுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. பசை தேவையில்லை. பலகையில் சிறு மூங்கில் குச்சிகளைப் பதித்து, குச்சியில் காசை மாட்டிவிடலாம். வேண்டும்போது கழற்றிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். இரும்பு ஆணி, செம்புக் கம்பி இரண்டும் கூடாது. ஒன்று துருவேற்றும், மற்றொன்று கீறும். புதிய பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளிலிருந்து வரும் ஆவி செம்பைக் கறுக்க வைக்கும் என்பதால், இடையில் அமிலம் இல்லாத அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தெரிய வேண்டுமானால் இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே வைக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் அளவு கொடுத்தால் லேசரில் வெட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன.

நமக்கு மிகவும் பிடித்த அமைப்பு 'ஒரு ரூபாய்ச் சட்டம்'. அறுபத்து நான்கு ஓட்டைக் காலணாக்கள். ஒரு வரிசைக்கு நான்கு, அது ஓர் அணா. அப்படிப் பதினாறு வரிசை. சுவரில் மாட்டினால் பழைய ரூபாய் முழுதும் கண் முன்னே இருக்கும். காலே அரைக்கால், அரை, முக்கால் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது, 'பதினாறு அணாவும் உண்மை' என்றால் என்ன பொருள் என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஓர் அணா என்று வைத்து நிரப்பினால் எட்டு ஆண்டில் நிறையும்.

பல நாட்டுக் காசு உள்ளவர்கள் உலக வரைபடத்தை அட்டையில் ஒட்டி, அந்தந்த நாட்டின் மேல் குச்சி பதித்து மாட்டலாம். குடும்பத்தில் யார் எங்கே போனார்கள் என்ற வரைபடமாகவும் அது ஆகிவிடும். ஜப்பானின் 5 யென், 50 யென், டென்மார்க், நார்வே நாட்டுக் காசுகள் இன்றும் ஓட்டையோடு புழங்குபவை. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் சொன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். உருவம் உள்ள நாணயங்களைத் தொழும் அறையின் சுவரில் மாட்டலாமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு இருக்கும். ஓட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்துக்கே இடமில்லாமல் போனதால் அந்தத் தயக்கத்துக்கும் இடமில்லை. அல்லாஹ்வின் பெயரோ கலிமாவோ பொறித்த பழைய இஸ்லாமிய நாணயங்கள் இருந்தால் அவற்றைக் கால் படும் உயரத்தில் வைக்காமல் தனியே மேலே வையுங்கள்.

அலங்காரத்துக்காக இன்றைய காசுகளைத் துளையிட வேண்டாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். வீடு கட்ட அடித்தளம் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பல புதையல்கள் வந்து சேர்ந்ததும் இந்தச் சட்டத்தால்தான். அங்குள்ள நாணயங்களைப் பிள்ளைகளோடு ஒரு முறை பார்த்து வாருங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் பின்னால் ஒரு சிறு அட்டை எழுதி வையுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு என்பதை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். யார் வைத்திருந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் சொல்லித் தெரிந்தது என்பதைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். அட்டையைப் பென்சிலால் எழுதுங்கள், நனைந்தாலும் அழியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் வட்டாரத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சட்டத்தை இடுப்புக்கு மேல் உயரத்தில், வெளிச்சுவரில் இல்லாமல் உள்சுவரில் மாட்டுங்கள். மழை முடிந்ததும் ஒருமுறை கழற்றி, காசில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் உடனே பிரித்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசுக்கும் பரவும்.